முப்பத்தொரு நோட்டுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயாது. அலமாரி மேலிருந்த இரும்புப் பெட்டியை இறக்கியாயிற்று. உள்ளே முப்பத்தொரு நோட்டு. மூன்றில் கறையான். ஒன்றுக்கு அட்டையே இல்லை.

இருபத்திரண்டு வருடம். தமிழ்ப்பள்ளி ஆபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்துக்கொண்டே, அடையாள அட்டை, அதாவது ஐசி இல்லாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் யார் வந்தாலும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இது ஓயவில்லை. எழுதிவிட்டால் தொலையாது என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் பாலிங்கிலிருந்து ஒரு பெண். அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்ஸின் பெயரை அவளுடைய அம்மா முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போது இல்லை. பதிவு இலாகா கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஸ்டெல்லா அக்கா எழுதுனாங்க, அவங்ககிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். எழுதினேன்தான். எதில்? இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. "பரவாலக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அந்தப் "பரவால" இன்னும் காதில்.

சேவியர் சாப்பிடும்போது: "எழுதி வச்சா போதுமா? வேணுங்கறப்ப எடுக்கத் தெரியணும்லா."

வீட்டுக்காரர் பேச்சு எப்போதும் இப்படித்தான். சுருக்கமாக, வலிக்கிற இடத்தில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். நோட்டுகள் போர்ச்சில் காய்கின்றன. மக்கிய நாற்றம், கறையான் மண்.

பெயர்வாரியாகப் பட்டியல் போடலாம் என்று ஆரம்பித்தேன். மதியத்துக்குள் தோல்வி. ஒரே பெண் நோட்டு நோ. 3-இல் பேபி, நோ. 8-இல் சின்னப்பொண்ணு, ஐசியில் பாக்கியம். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஒன்று, ஆபீஸில் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது இன்னொன்று.

தோட்டவாரியாக? ஆகாது. தோட்டம் கைமாறியதும் ஆட்கள் புக்கிட் செலம்பாவ், பாலிங், சுங்கைப் பட்டாணி என்று போய்விட்டார்கள். பாதிப் பேர் மூன்று தோட்டத்தில் இருந்தவர்கள்.

வருடவாரியாக? பிறந்த வருடத்தைக் காட்ட முடியாததுதானே அவர்கள் சிக்கலே.

நேற்றைய கருவாட்டுக் குழம்பு. தலைவலி. பனடோல் இரண்டு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கெடாவில் வெள்ளி வார விடுமுறை, ஆபீஸ்கள் மூடல். சேவியர் மணிலா கார்டு வாங்கி வந்து, கைக்கு அடக்கமாக வெட்டிக் கொடுத்தார். முந்நூறு துண்டு. மோட்டார் பட்டறைக்காரர், கோடு பிசகவில்லை.

"இதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கே."

"கையால எழுதுனா எனக்கு ஞாபகம் வருது. தட்டுனா வரல."

எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்:

ஒரு அட்டையில் ஒரே விஷயம்.
யார் சொன்னது, எந்த நோட்டு, எந்தப் பக்கம்.
அவர்கள் சொன்ன சொல்லிலேயே. என் சொல்லில் வேண்டாம்.
ஒவ்வொன்றுக்கும் எண். ஒன்றைப் படிக்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தால், அதன் எண்ணையும் அடியில் எழுது.

தனியாக ஒரு சொல் பெட்டி. காலில் போடுகிற சப்பாத்து வந்த பழைய பெட்டிதான். நர்ஸ். கோயில். லோரி. வெள்ளம். கங்காணி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை, அதன் கீழே அந்தச் சொல் வருகிற எண்கள் எல்லாம்.

பெயர் மாறலாம், ஊர் மாறலாம். ஒருவர் தன் வாயால் சொன்ன சொல் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

96 அட்டை. விரலில் மை. நோ. 6 முடிந்தது.

நோ. 6, ப. 41: அந்த நர்ஸ்! பெயர், இருந்த ஊர், கணவர் போலீஸ்காரர் என்பது வரை இருக்கிறது. பாலிங்குக்குப் போன் போட்டேன். அந்தப் பெண், "நெசமாவாக்கா? இன்னொரு தடவ படிங்க." படித்தேன். "அம்மா அப்படியேவா சொன்னாங்க?" அப்படியேதான். இன்னொரு தடவையும் படித்தேன்.

ஆனால் இன்னொன்று. எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று. யாருக்கு யார் உண்மையான தகப்பன். யார் யாரை அடித்தது. ஒரு பெண் பதினாறு வயதில் எங்கே அனுப்பப்பட்டாள், ஏன். எல்லாம் பாரம் நிரப்ப வந்த இடத்தில் தானாக வந்து விழுந்தவை. நோட்டில் கிடந்தவரை அவை தூங்கின. அட்டையில் எண் போட்டால் யாரும் எடுத்துவிடலாம்.

சேவியரும் அதையே கேட்டார். "நாளைக்கு நீ இல்லன்னா, இத யாரு படிப்பா?"

ஏழு பக்கத்துக்கு அட்டை போடவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். உரியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களையே கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

புழுக்கம். குமரேசன் மோட்டாரில் வந்தான், டுரியான் நாலு. செம்பனைக் குலை அறுக்கிற வேலை, முப்பத்து மூன்று வயது, ஐசி இல்லை. மூன்று முறை விண்ணப்பித்தோம். மூன்று முறையும் அதே பதில்: பிறந்ததை நேரில் கண்ட சாட்சி வேண்டும்.

அவன் அம்மா லெட்சுமிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தது. இந்த நாட்டில் அவர் வயிற்றில் பிறந்தான் என்று காட்டினால் போதும். அதைத்தான் காட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. பதியவில்லை. அம்மா இறந்து நாலு வருடம்.

குமரேசன் கையில் மகளுடைய பிறப்புப் பத்திரம். தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் மலாயில் ஒரு வரி: தகவல் பெறப்படவில்லை. ஐசி இல்லாததால் கல்யாணத்தையும் பதிய முடியவில்லை, இந்த வரியையும் மாற்ற முடியவில்லை.

"ரெண்டாம் வகுப்பு போயிட்டாக்கா. இப்ப மலாய் வாசிக்கிறா. நேத்து இதப் படிச்சிட்டு எங்கிட்டயே கேக்கறா, 'அப்பா, தகவல்னா என்னா? யாரு பெறல?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சாப்புடு லா, அப்பறம் சொல்றேன்னேன்." டுரியானை மேசையில் வைத்தான். "என்னா சொல்ல முடியும்?"

அவன் போனதும் வரிசையை விட்டுவிட்டு நோ. 15-ஐ எடுத்தேன். லெட்சுமி பேசிய பக்கங்கள். அட்டை எண் 118: "வண்டியிலதான் பொறந்தான். பாலத்துல தண்ணி ஏறிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியல, திரும்பிட்டோம்."

அடுத்த வரி: "சாமான் ஏத்துற வண்டி. யாரு ஓட்டுனாங்கன்னு வலில ஞாபகமில்ல." பக்கத்தில் என் கையெழுத்தில் அடைப்புக்குறி: (டிராக்டர்?)

இரண்டு பக்கம் தள்ளி: "டிராக்டர் டிரைவரைத் தேடு." கேள்விக்குறி இல்லை. எங்கே போயிற்று?

டிராக்டர் டிரைவரைத் தேடினோம். இறந்திருந்தார். கூட இருந்த நாத்தனாரும் இல்லை. அத்தோடு கேஸ் நின்றது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

நோ. 14 நடந்துகொண்டிருந்தது. ப. 62. ஒன்பது வருடத்துக்கு முன் பாலிங்கில் ஒரு துக்க வீடு. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, காதர் பாயின் மளிகைக்கடையில் ஒதுங்கினேன். வேனில் சாமான் ஏற்றித் தோட்டம் தோட்டமாகப் போய் வியாபாரம் செய்தவர். சும்மா பேசிக்கொண்டிருந்தவர் சொன்னதை, சுவாரசியமாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறேன்: "என் வேன்லயே ஒரு புள்ள பொறந்திருக்கு, தெரியுமா? தீவாளிக்கு முந்துன வாரம். வலி வந்துருச்சுன்னு ஏத்திக்கிட்டுப் போனேன், பாலத்துல வெள்ளம். அரிசி மூட்டமேலதான் பொறந்துச்சு."

அட்டை 203. சொல் பெட்டியில் "பாலம்" அட்டையை எடுத்து 203 என்று எழுதப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரே ஒரு எண். 118.

118-ஐ எடுத்து 203-க்குப் பக்கத்தில் வைத்தேன்.

காதர் பாய் என்னிடம் சொன்ன நாளுக்கும் லெட்சுமி என்னிடம் சொன்ன நாளுக்கும் நடுவே ஆறு வாரம். ஒன்பது வருடத்துக்கு முந்திய ஆறு வாரம். லெட்சுமி அப்போது இந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். காதர் பாய் அப்போது கடையில் நல்ல திடமாக. இரண்டும் என் கையெழுத்து. "சாமான் வண்டி" என்று லெட்சுமி சொன்னதைச் சொன்னபடி விட்டிருந்தால்கூடப் போதும். நான் டிராக்டர் ஆக்கினேன்.

சேவியரிடம் காட்டினேன். இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கண்டுபுடிச்சிட்டேன்னு சொல்லு, போதும். ஒம்போது வருசமா கைல இருந்துச்சுன்னு எதுக்குச் சொல்லணும்? அவனுக்கு அதனால என்னா லாபம்?"

"தெரியல."

"அப்ப சொல்லாத."

ஆகஸ்ட் 20, புதன்

காதர் பாய் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. பக்கத்து ரொட்டிக் கடையில் கேட்டு நம்பர் வாங்கினேன். கோலா கெடாவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். போன வருடம் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

மகள் ரஹீமா போனில்: "பேசுவாரு, மெதுவாப் பேசுவாரு. ஞாபகம் சில நாளு நல்லா இருக்கும், சில நாளு இருக்காது. சீக்கிரம் வாங்க."

குமரேசனுக்குச் சொன்னேன். சாட்சி கிடைத்திருக்கிறார் என்று மட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

சேவியர் காடி ஓட்டினார். குமரேசன் வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். குருண் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அலோர் ஸ்டாரும் தாண்டியது. திரும்பி வரும்போது சொல்லலாம்.

கோலா கெடா. மீன் வாடை, லங்காவி ஃபெரிக்குப் போகிற கூட்டம். ஆற்றைப் பார்த்த சின்ன வீடு. காதர் பாய் நாற்காலியில், வலது கை மடியில் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. சில சொல் புரியவில்லை. ரஹீமா திருப்பிச் சொன்னாள்.

குமரேசனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"லெட்சுமி மவனா?"

யாரும் இன்னும் பெயர் சொல்லவில்லை. ரஹீமாகூட எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும், உங்கம்மாவுக்கு."

"ஆமா மாமா."

"நாத்தனாரு உள்ள இருந்துச்சு. நான் வெளிய, மழைல. நூலு குடுங்கன்னு கத்துச்சு. சீனி மூட்ட நூலப் பிரிச்சுக் குடுத்தேன். அப்பறம் உன் சத்தம்." மூச்சு வாங்கினார். "முருகன் பேரா வைக்கணும்னு அந்த நாத்தனாருதான் சொல்லுச்சு. வச்சாங்களா?"

குமரேசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டான். "வச்சாங்க மாமா. குமரேசன்."

பிறகு அவர் என்னைப் பார்த்தார். "இந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. கடைல ஒக்காந்து எழுதுனாங்களே. ஏன் இவ்வளவு நாளு வரல?"

குமரேசன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"எழுதுனேன், தம்பி," என்றேன். "உங்கம்மா சொன்னதையும் எழுதுனேன். ரெண்டையும் சேத்துப் பாக்கல. ஒம்போது வருசமா எங்கிட்டதான் இருந்துச்சு."

அவன் எழுந்து வெளியே போனான். படகுத்துறைப் பக்கம் நின்றான். நான் போகவில்லை. ரஹீமா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள், ஆறிப் போயிற்று.

திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "அப்ப எங்கம்மா இருந்தாங்க."

சிம்பாங் முச்சந்தியில் இறக்கிவிடச் சொன்னான். வரேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவர் ஐசிக்கு வரிசையில் நிற்பவர் அல்ல.

அட்டைகளைத் தொடவில்லை. இன்னும் பதினாறு நோட்டு பாக்கி. அவற்றுக்குள் இன்னும் எத்தனை 118, எத்தனை 203.

நோட்டுகளைத் தீ வைத்துவிடலாம் என்று சொன்னேன். சேவியர் கோபப்பட்டார், அபூர்வமாக. "எரிச்சா நீ பாக்காம விட்டது இல்லன்னு ஆயிருமா? மிச்சம் பேரு என்னா பண்ணாங்க உனக்கு?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் நோ. 16. நாலு அட்டைதான்.

மாலையில் மோட்டார் சத்தம். குமரேசன். ஹெல்மெட் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி,

"எப்ப கையெழுத்து வாங்கணும்?"

"வியாழக்கிழம. வக்கீல் ஆபீஸுக்குப் பக்கத்துல, மாடில, சத்தியப் பிரமாணம் வாங்குறவரு."

"மாமாவ நான் தூக்கிக்குவேன். அவர நடக்க வைக்காதீங்க."

போய்விட்டான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அலோர் ஸ்டார். தூறல். ஆபீஸ் மாடியில். குமரேசன் காதர் பாயைத் தூக்கப் போனான். சத்தியப் பிரமாணம் வாங்குகிற மலாய்க்காரப் பெரியவர் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, முத்திரையும் புத்தகமும் எடுத்துக்கொண்டு தாமே இறங்கி வந்துவிட்டார். காடியின் பின் சீட்டில் உட்கார்ந்து வாசித்தார். காதர் பாய் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பத்திரத்தில் "லோரி" என்று விழுந்திருந்தது.

"லோரி இல்ல. வேன்."

திருத்தினார்கள். நல்ல வேளை அவர் கவனித்தார். நான் இரண்டு முறை படித்தும் கவனிக்கவில்லை.

இடது கையால் கையெழுத்து. ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் குமரேசனிடம், "நான் மவுத்தாகறதுக்குள்ள வந்துட்ட. அது போதும்."

குமரேசன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். தான் நனைந்தபடி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மலேசியாவின் சுதந்திர தினம். ரோடு முழுக்கக் கொடி. பக்கத்து வீட்டு மோட்டாரில் நாலு.

நோ. 16 முடிந்தது. 251 அட்டை. ஓய்வு பெற்ற வயதில் இடுப்பு வலியோடு இதெல்லாம். சேவியர் தைலம் தேய்த்துவிட்டார்.

கிளிப் போட்ட ஏழு பக்கத்தில் ஒன்றுக்கு உரியவரிடம் போன் செய்து கேட்டேன். "எரிச்சிருங்கக்கா" என்றார். அடுப்பில் போட்டேன். அது வேறு, அன்று நான் எல்லாவற்றையும் எரிக்கலாம் என்றது வேறு.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதிவு இலாகா. நம்பர் 1047. குமரேசன், அவன் மனைவி தேவி, நான். தேவி ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி.

கவுன்டரில் இளம் மலாய்ப் பெண். பழைய மூன்று மறுப்புக் கடிதத்தையும் பார்த்தாள். "சக்சி அடா?" சாட்சி இருக்கிறாரா?

நான் வாய் திறக்குமுன் குமரேசன், "அடா." பத்திரத்தைத் தள்ளினான்.

வாசித்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். இருபது நிமிடம். தேவி என் கையைப் பிடித்திருந்தாள்.

ஏற்றுக்கொண்டார்கள். காதர் பாயை வீட்டுக்கே வந்து விசாரிப்பார்களாம். அடுத்த மாதம் நேர்காணல். ஐசி கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை மாதம் என்றும் சொல்லவில்லை. ஆனால் முதல் முறையாக ஃபைலைத் திருப்பிக் கொடுக்காமல் ரசீது கொடுத்தார்கள்.

ரசீதைக் குமரேசன் சட்டைப் பையில் வைத்தான். பிறகு எடுத்து, தேவியிடம் கொடுத்தான்.

என்னிடம் பேசவில்லை. ஆனால் பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான்.

செப்டம்பர் 3, புதன்

மழை விட்டு வெளிச்சம். பதினொரு மணிக்கு வந்தான். இன்று உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"எங்கம்மா சொன்னதக் காட்டுங்க."

118-ஐ எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, உதடு அசைய வாசித்தான். "பொறந்தான்னு சொன்னாங்களா, பொறந்துச்சுன்னு சொன்னாங்களா?"

"பொறந்தான்னு. நோட்டுலயும் அதான் இருக்கு."

நோட்டையும் கேட்டான். காட்டினேன். அடைப்புக்குறியைத் தொட்டான். (டிராக்டர்?) பிறகு 203. அதையும் முழுக்க வாசித்தான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, நான் எழவில்லை.

"இன்னொரு அட்ட போடுங்கக்கா."

"என்ன எழுதணும்?"

"நடந்தது. ஒம்போது வருசம்."

பேனாவை எடுத்தேன். எண் 263. கீழே: காண்க 118, 203. பிறகு எழுதினேன்: இரண்டு குறிப்பும் ஒன்று சேர ஒன்பது வருடம் தாமதமாயிற்று.

அவன் குனிந்து வாசித்தான். தலையை ஆட்டினான்.

"தாமதமாச்சுன்னு எழுதாதீங்க. அதுவாவா ஆச்சு? நான் பாக்கலன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். நான் பார்க்கவில்லை.

"பேரு போடுங்க."

ஸ்டெல்லா என்று போட்டேன். மை காயும்வரை கையில் பிடித்திருந்தான். பிறகு பெட்டியில் அவன் அம்மாவின் அட்டைக்குப் பின்னால் தானே செருகினான்.